ஆலிவுக்குத் தண்ணி ஊத்தினது யார்?

மொட்டைமாடியில் தொட்டியைக் கவிழ்த்துத் தட்டியதும், நான் குட்டையாக வளர்க்கும் ஆலிவ் மரம் மண்ணோடு கையில் வந்தது. கூடவே கூவம் நாத்தமும் வந்தது.

வேரில் பாதி அழுகிப்போயிருந்தது. தொட்டால் கறுப்பாகத் தோல் உரிந்து விரலோடு வருகிறது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

ஆலிவுக்கு ஈரம் தேங்கினால் ஆகாது. விரல் விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால்தான் ஊத்தணும். நான் அப்படித்தான் ஊத்துகிறேன். ஆனால் கொஞ்ச நாளாக, நான் ஒரு சொட்டு விடாத நாளிலும் சாயங்காலம் வந்து பார்த்தால் மண் சொதசொதவென்று கிடக்கிறது. மழையும் இல்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது.

எந்தப் புண்ணியவதி ஊத்துகிறாள் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டுக்கார அம்மா வேம்புலியம்மாள். நூம்பலில் சொந்த வீடு. கீழே அவர், மாடியில் நாங்கள் வாடகைக்கு. குட்டை மரம் வீட்டில் இருந்தால் குடும்பம் விளங்காது என்று முதல் நாளே சொன்னவர். பாடி மேம்பாலத்தில் என் வீட்டுக்காரர் ஆனந்தன் லாரியோடு சாய்ந்து இடுப்பெலும்பு உடைந்தபோது, ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடியோடு வந்து, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று மரத்தின் மேல்தான் பழியைப் போட்டார்.

எலும்பு எப்போதோ சேர்ந்துவிட்டது. தாராளமாக நடக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

அவர்தான் எழுந்திருப்பதில்லை. சுவரைப் பிடித்துப் பாத்ரூம் வரைக்கும் போவார், திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். வாசல்படி தாண்டுவதில்லை. லாரி சாய்ந்த சத்தம் காதிலேயே இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை சொன்னார். கெஞ்சினேன். திட்டினேன். அழுதும் பார்த்தேன். "உட்டுடு நாகவல்லி" என்பார், அவ்வளவுதான் பேச்சு.

கட்டில் பக்கத்தில் சோற்றை வைத்துவிட்டு அம்பத்தூர் தையல் கம்பெனிக்கு ஓடுவேன். மனசு முழுக்க இங்கேயேதான் இருக்கும்.

இந்த மரத்துக்கு அடிமரத்தில் ஒரு பக்கம் செத்து வெள்ளை வெளேரென்று இருக்கிறது. மறுபக்கம் தழைக்கிறது. இது பிழைத்தால் அவரும் எழுந்துவிடுவார் என்று எனக்குள் ஒரு நினைப்பு. பைத்தியக்காரத்தனம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

அழுகின வேரையெல்லாம் வெட்டினேன். உள்ளே வெள்ளை தெரிகிற வரைக்கும் வெட்டினேன். வேர் குறைந்தால் மேலேயும் பாரம் குறையணும், அதனால் உச்சியையும் கத்தரித்தேன். மிஞ்சின கிளையில் அலுமினியக் கம்பி சுற்றி, உடையாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வளைத்தேன். நல்லாத்தான் வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் ஆத்திரம் வந்தது.

கைப்பிடிச் சுவருக்குப் போய் எட்டிப் பார்த்தேன். கீழே வாசலில் வேம்புலியம்மாள் ஞாயிற்றுக்கிழமை மீனை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எம்மா, தண்ணிய ஊத்தி ஊத்தி என் மரத்த ஏம்மா சாவடிக்கிறீங்க?"

அவர் அருவாமனையிலிருந்து நிமிர்ந்தார்.

"இன்னா பேச்சுமா பேசுற? முட்டி வலியில நான் மாடிப்படி ஏறியே வருசமாவுது. உன் மரத்தாண்ட நான் இன்னாத்துக்கு வரப் போறேன்? மத்தியானத்துல மொட்டமாடிக்கு ஏறுற சத்தம் கேக்குதே, அது நீயில்லையா? ஒரு படி ஏறுறது, நிக்கிறது, ஒரு படி ஏறுறது, நிக்கிறது. பொண்ணுக்குக் கால்ல இன்னா கோளாறோன்னு நானே கேக்கணும்னு இருந்தேன்."

மத்தியானம் நான் அம்பத்தூரில் இருப்பேன். வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஆள்.



காலம் பூராவும் தண்ணி லாரி ஓட்டின மனுஷன். வாடின மாதிரி எதைப் பார்த்தாலும் அவருக்கு வேறென்ன செய்யத் தெரியும்?

"இன்னாமா, அது நீயில்லையா?"

"ஒண்ணும் இல்லம்மா. நான்தான் ஊத்தியிருக்கேன். மறந்துட்டேன்."

ஓடிப்போய் என் வீட்டுக்காரரைக் கட்டிக்கொள்ளணும் போல இருந்தது. வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன். கேட்டால் கூச்சப்பட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார், அவர் சுபாவம் எனக்குத் தெரியாதா?

புதுத் தொட்டி தட்டு மாதிரி ஆழமில்லாதது. அதற்காக எருவும் மணலும் செங்கல் ஜல்லியும் சேர்த்துக் கலவை தயாராக வைத்திருந்தேன். அதை ஒதுக்கிவிட்டு, வெறும் ஜல்லியைச் சலித்து எடுத்தேன். மரத்தைத் தொட்டியோடு கம்பி போட்டுக் கட்டி, வேரின் சந்து பொந்தெல்லாம் குச்சியால் குத்திக் குத்தி ஜல்லியை நிரப்பினேன். எவ்வளவு ஊத்தினாலும் ஒரு நிமிஷம் நிக்காது, அடியில் ஓடிவிடும்.

ஆனால் ஜல்லியில் ஈரம் தங்காது. இந்த வெயிலுக்கு, தினமும் மத்தியானம் யாராவது வந்து ஊத்தாவிட்டால் மரம் காய்ந்து செத்துப்போகும். அது எனக்குத் தெரியும். இருந்தாலும் அப்படியேதான் நட்டேன்.

கையைக் கழுவிக்கொண்டு கீழே போனேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"ஆலிவைத் தொட்டி மாத்திட்டேங்க. இனிமே தினம் மத்தியானம் தண்ணி கேக்கும். நான் வேலைக்குப் போயிடுவேன். என்ன பண்றதுன்னே தெரியல."

ரொம்பவும் துணிந்துவிட்டோமோ என்று தோன்றியது. சமையலறைப் பக்கம் திரும்பினேன்.

முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

"ஒரு ஜக்கு போதுமா?"