கண் திறக்கும் பட்டன்

"ஐயய்யோ, இந்த வெப்சைட் வேண்டாங்க. உங்களுக்குப் பூனைக் கண்ணு வெச்சிருக்கு!"

மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் கிடந்த கணவர் வாய்விட்டுச் சிரித்தார். மதியத் தூறல் விட்டிருந்தது. ஈரக் காற்றில் திரைச்சீலை மெல்ல உப்புவதும் அடங்குவதுமாக இருந்தது. அவருக்கு எந்த அவசரமும் இல்லை. அவசரமெல்லாம் அவளுக்குத்தான்.

நாளை அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாள். பழைய படங்களையும் ஸ்கேன் செய்து, ஆல்பமாக்கி, இன்றே சொந்தக்காரர்களுக்கு அனுப்ப வேண்டும். எல்லாம் அவள் எடுத்தவை. கடற்கரை, மலைப்பாதை, ரயில் நிலையம் என்று ஊர் ஊராக நின்றிருந்தார் மனிதர். ஒரு படத்திலாவது கண்ணைத் திறந்திருக்க வேண்டுமே! படத்தில் மூடிய கண்ணைத் திறந்துவைத்து, ஆல்பத்தை அனுப்பியும் தரும் வெப்சைட்டைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல பார்த்தியே, அது என்னாச்சு?"

"அது அனுப்பத்தான் லாயக்கு. கண்ணைத் திறக்கத் தெரியல. இந்தப் பூனைக்கண்காரன் என்னடான்னா, பார்க்கிறவங்க எல்லாரும் பாஸ்வேர்ட் போடணுங்கிறான். உங்க அக்காவுக்குப் பாஸ்வேர்டுன்னாலே காய்ச்சல் வந்துடும்."

"அப்ப மூணாவது?"

"அதைத்தான் திறக்கிறேன். இருங்க."

பட்டனை அமுக்கினாள். படங்கள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. கடற்கரையில் நின்றவர் தூக்கம் கலைந்தவர் போல மெதுவாகக் கண் திறந்தார். மலைப்பாதையிலும் திறந்தார். தான் எங்கே இருக்கிறோம் என்பதே அவளுக்குச் சற்று நேரம் மறந்துபோனது.

"வந்துடுச்சுங்க! நல்ல கறுப்புக் கண்ணு. என்னையே பார்க்கறீங்க!" என்றாள். "இதுக்குத்தான் இத்தனை வருஷமா ஏங்கினேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணி 'சிரிங்க'ன்னு சொல்லுவேன். சரியா அப்பப் பார்த்து மூடிப்பீங்க. என்னைப் பார்க்கவே பிடிக்கலையோன்னு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா?"

அவர் சிரிப்பு நின்றது. "அழுதியா? சொல்லவே இல்லையே!"

"இதையெல்லாம் எப்படிங்க வாய்விட்டுக் கேக்கிறது? சரி, விடுங்க. இப்பதான் திறந்தாச்சே. இதையே அனுப்பிடறேன்."

"அனுப்பாதே. பழைய படங்களே இருக்கட்டும்."

"ஏன்? இந்தக் கண்ணுக்கு என்ன குறைச்சல்?"

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். சுவரைத் தடவி, மேசை விளிம்பைத் தடவி வந்து, கையால் துழாவி அவள் தோளைப் பற்றிக்கொண்டார்.

"கல்யாணமான புதுசுலயே டாக்டர் சொல்லிட்டார், இந்தப் பார்வை இருபது வருஷம் தாங்கினா பெரிசுன்னு. அப்ப உங்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. 'சிரிங்க'ன்னு சொல்றப்ப நீயும் சிரிப்பே பாரு, உடனே கண்ணை மூடி, அந்த முகம் உள்ள பதிஞ்சுடுச்சான்னு பார்த்துப்பேன். பார்வை போன இந்த நாலு வருஷமா நான் பார்த்துக்கிட்டிருக்கிற ஆல்பம் அதுதான்."