எட்டுப் போட்டவள்

"பொட்டப் பிள்ளைக்கு வண்டி எதுக்குன்னு அப்பவே சொன்னேன். கேட்டாகளா?"

ஸ்டேஷன் வாசலில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் தாய்மாமன் முத்துராமலிங்கம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே யுவராணி தலைகுனிந்து நின்றாள். பத்தொன்பது வயசு. காலையில் சுருளிப்பட்டி ரோட்டில் அவளுக்கு வாங்கிய ஸ்கூட்டர் மோதி, திராட்சைத் தோட்டத்து வேலைக்கு நடந்துபோன மூக்கம்மாள் அந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"லைசென்ஸ் இருக்கா?" ஏட்டம்மா ஜெபஷீலா கேட்டார்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வாங்கி மூன்று மாசம்தான். காலை ஊன்றாமல் எட்டுப் போட்டு, முதல் தடவையிலேயே வாங்கியது.

"கூட யாரு?"

"தம்பி அருண்பாண்டி. பிளஸ் ஒன் படிக்கிறான்."

தம்பி முழங்கைக் கட்டோடு பெஞ்சில் இருந்தான். அப்பா சுரேஷ்கண்ணன் அவன் தோளில் போட்ட கையை எடுக்கவே இல்லை.

"ஹெல்மெட்?"

"நான் போட்டிருந்தேன். தம்பி போடல."

ஏட்டம்மா எழுதுவதை நிறுத்தினார். "நர்சிங் படிக்கிற பிள்ள. இனிமே எந்த கவர்மென்ட் வேலைக்குப் போனாலும் இந்தக் கேஸ் குறுக்க நிக்கும். தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"நம்பி வண்டி வாங்கிக் குடுத்தேன் மேடம்," என்றார் அப்பா. "இப்படிப் பண்ணிட்டா."

அப்போதுதான் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்த மூக்கம்மாளின் மகள் சந்தனம்மாள் தலைவிரி கோலமாக உள்ளே ஓடிவந்தாள்.

"எங்காத்தா ஓரமாத்தானடி போச்சு! கண்ணு தெரியலையா ஒனக்கு?"

"தெரிஞ்சதுக்கா. தூரத்துலயே பாத்துட்டேன்."

"பாத்துமாடி பிரேக் போடல?"

 யுவராணி அப்படியே சந்தனம்மாள் காலில் விழுந்தாள். அவள் காலை உதறிக்கொண்டாள்.

"ஒனக்கெல்லாம் எந்தப் படுபாவி லைசென்ஸ் குடுத்தான்? நீ நல்லாருப்பியாடி?"

யுவராணியைப் பாவம் என்று சொல்ல அங்கே ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. எப்படி வரும்? செத்தவள் வீட்டில் இனி உலை வைக்கக்கூட ஆள் கிடையாது.

யுவராணி காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். ஸ்கூட்டரை ஸ்டேஷனிலேயே நிறுத்திக்கொண்டார்கள். ஜாமீனில் அவளை வெளியே விடும்போது சாயங்காலம் ஆகிவிட்டது.

தெருமுனை டீக்கடை வரை நடந்தே வந்தார்கள். அப்பா வக்கீலைப் பார்க்கப் போகவேண்டும். மாமாவின் வண்டிச் சாவியை வாங்கித் தம்பியிடம் நீட்டினார்.

"அவனுக்குக் கைல அடிபட்டிருக்குப்பா. நான் ஓட்டுறேன்," என்றாள் யுவராணி.

மூன்று மாசமாக அவள் தினமும் கேட்டது அதுதான்.

"ஆம்பளப் பிள்ள பொட்டச்சிக்குப் பின்னால உக்காந்து போனா ஊரு சிரிக்கும். பேசாம ஏறு," என்ற அப்பா, மகன் பக்கம் திரும்பி ஸ்டேஷன் இருந்த திசையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"ஏலே, மெதுவாப் போ. காலைல முறுக்குன மாதிரி முறுக்காத."