ஏறாத செயின்

சுபாவோட புது சைக்கிள்ல முன் கியர் மாற மாட்டேங்குதுன்னு கேட்டதும், காவ்யாவுக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு.

பொய் சொல்வானேன்? அந்தச் சைக்கிள் வந்து இறங்கின நாள்லேருந்து அவளுக்குச் சோறு இறங்கலை.

யாருக்குத்தான் இறங்கும்? ஒத்தைக் கையால அலாக்காத் தூக்கிடலாம். வளைஞ்ச ஹேண்டில்பாரும் கருகருன்னு மினுக்கலுமா, கோயில் காளை கணக்கா நிக்குது. சுபாவோட அப்பா பெரியகருப்பனுக்குச் சென்னையில பெரிய வியாபாரம். மக வாயைத் திறந்து கேட்குறதுக்கு முந்தியே வாங்கிட்டாரு.

காவ்யாவோடது செகண்ட் ஹேண்ட் வண்டி. முன்னால ஒரே பல்சக்கரம், அதுவும் சின்னது. அதை வச்சுக்கிட்டுத்தான் மூணு வருசமா பொண்ணுங்க ரேஸ்ல மாவட்டத்துக்கே முதல் இடம். சுபாவுக்கு ரேஸ் ஓட்டக் கத்துக் கொடுத்ததே இவதான். அந்தச் சுபா போன வருசம் ஒரு முழ தூரத்துல ரெண்டாவதா வந்து நின்னா. இந்த வருசம் புது சைக்கிள் வேற! ஜெயிக்கிற ஒருத்திதான் மாநிலப் போட்டிக்குப் போக முடியும்.

விடிஞ்சா ரேஸ். சாயங்காலம் பெரியகருப்பனே சைக்கிளைக் காருல ஏத்திக்கிட்டு, திருவரங்குளத்துல காவ்யா வீட்டு வாசல்ல வந்து இறங்கினாரு. கூடவே சுபா, முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு.

"ஆத்தா காவ்யா, இந்தக் கூத்தைக் கேளு. செயின் சின்னச் சக்கரத்துலயே கெடக்கு, பெருசுக்கு ஏறவே மாட்டேங்குது. வந்ததுலேருந்தே இப்படித்தான்னு இவ இன்னைக்குத்தான் சொல்றா."

"கடையில கேட்டீங்களா அங்கிள்?"

"கேட்டேனே! கொண்டு வாங்க பார்க்கலாங்கிறான். ரேஸை வச்சுக்கிட்டு நான் திருச்சிக்கு ஓடவா? ஒன் வண்டியை நீயேதான பிரிச்சு மாட்டுறே, கொஞ்சம் பாரு ஆத்தா."

"அக்காவை ஏன் தொந்தரவு பண்றீங்க அப்பச்சி? வாங்க போவோம்"னா சுபா.

"நீ சும்மா இரு."

காவ்யா குனிஞ்சு பெடலைச் சுத்தினா. கியரை அமுக்கினா. செயினைச் சக்கரம் மாத்தித் தள்ளுற இரும்புக் கை பாதி தூரம் வந்து அப்படியே நின்னுருச்சு. அதுக்கு மேல ரெண்டு பொடி ஸ்குரூ. செயின் உள்பக்கம் விழாம இருக்க ஒண்ணு, வெளிப்பக்கம் விழாம இருக்க ஒண்ணு. வெளிப்பக்கத்து ஸ்குரூவை எவனோ கடைசி வரைக்கும் இறுக்கித் தொலைச்சிருக்கான்.

அம்புட்டுதான் கோளாறு. ரெண்டு சுத்து தளர்த்தினா செயின் பெரிய சக்கரத்துல ஜம்முன்னு ஏறிடும், வண்டி பறக்கும். ஸ்குரூ டிரைவர் ஜன்னல்லயே கெடக்கு.

காவ்யா ஜன்னலைப் பார்த்தா. சைக்கிளைப் பார்த்தா. நாளைக்கு இது தன்னைத் தாண்டி விருட்டுன்னு போறதையும் மனசுக்குள்ள பார்த்தா.

"இந்த மாடல் எனக்குப் பழக்கமில்லை அங்கிள். முன்னால ரெண்டு சக்கரம் இருக்குற வண்டியை நான் தொட்டதே இல்லை. உள்ள கேபிள் போயிருக்கும் போல. கடையிலதான் பார்க்கணும்."

"அடக் கடவுளே! அப்ப நாளைக்கு?"

"சின்னச் சக்கரத்துலயே ஓட்டட்டும், வேற என்ன செய்யிறது? பாவம்!"

அந்தப் 'பாவம்' எப்படித்தான் அவ வாயிலேருந்து வந்துச்சோ! சுபா பெருமூச்சு விட்டுட்டு, "பரவாயில்லைக்கா"ன்னு சொல்லிட்டுக் காருல ஏறிக்கிட்டா. காவ்யா ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்னைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டா.

காலையில புதுக்கோட்டையில விசில் ஊதினதும் அன்னவாசல் ரோட்டுல பொண்ணுங்க பறந்தாங்க. பாதி தூரத்துக்கு மேல முன்னால ரெண்டே பேருதான். சுபாவோட காலு தையல் மிஷின் மாதிரி படபடன்னு சுத்துது, ஆனா வண்டி அதுக்கு மேல வேகம் எடுக்கலை. காருல கூடவே வந்த பெரியகருப்பன் தலையை வெளிய நீட்டி, "அந்தக் கடைக்காரன் வெளங்குவானா!"ன்னு வழி பூராவும் திட்டிக்கிட்டே வந்தாரு.

சித்தன்னவாசல் விலக்குலதான் எல்லைக்கோடு. காவ்யா முதல். சுபா அரைச் சக்கரம் பின்னால.

மெடலும் கழுத்துல விழுந்தாச்சு. இனிமே நல்லவளா இருந்தா என்ன குறைஞ்சுறப் போகுது? காவ்யா பையிலேருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கிட்டு சுபாகிட்டப் போனா.

"இப்பத்தான் யூடியூப்ல தேடிப் பார்த்தேண்டி. ஒரு ஸ்குரூவுலதான் கோளாறு இருக்கும் போல. வண்டியை இங்கிட்டு கொண்டா, சரி பண்ணித் தாரேன்."

சுபா பதறிப் போயி அவ கையைப் பிடிச்சு, காருக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கிட்டுப் போனா.

"சத்தம் போடாதீங்கக்கா, அப்பச்சி காதுல விழுந்துறப் போகுது. அந்த ஸ்குரூவை இறுக்கினதே நான்தான்."

"என்னடி சொல்றே?"

"ஒங்க வண்டியில முன்னால ஒரே சக்கரம். நான் பெருசைப் போட்டு ஒங்களை முந்துனா, ஜெயிச்சது நானா, அப்பச்சி வாங்கிக் கொடுத்த வண்டியா? பழைய சைக்கிள்லயே ஓட்டுறேன்னா அவுக விட மாட்டாக. பெரிய சக்கரத்தைப் போடு போடுன்னு கூடவே கத்திக்கிட்டு வருவாக. அதான் கோளாறுன்னு சொல்லிட்டேன். விட்டுக் கொடுத்தேன்னு மட்டும் நெனைச்சுறாதீங்க, உசுரைக் கொடுத்துத்தான் மிதிச்சேன். சமமா ஓட்டி நீங்க ஜெயிச்சுட்டீங்க, அம்புட்டுதான்."

காவ்யாவை வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு. ஸ்குரூ டிரைவரை முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டா.

சுபா கள்ளம் இல்லாமச் சிரிச்சா.

"நேத்து நீங்க குனிஞ்சு பார்த்தப்ப எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சுக்கா. கண்டுபிடிச்சா ஒடனே சரி பண்ணிக் கொடுத்துருவீங்களே! நல்லவேளை, ஒங்களுக்கு அது தெரியாமப் போச்சு."