பரீட்சை முடியட்டும்

ஆதிரை பிளஸ் டூ போனதும், எல்லா வீடுகளையும் போல அந்த வீட்டிலும் டிவியை நிறுத்தினார்கள். நிற்பவரின் உடம்பைப் பார்த்து நோய் சொல்லும் குளியலறைக் கண்ணாடியின் குரலையும் அம்மா ஜனனி சேர்த்தே நிறுத்திவிட்டாள். படிக்கிற பிள்ளையின் கவனம் சிதறக் கூடாது.

இடையில் மகள் முழங்கால் வலி என்றபோது, "சாக்குச் சொல்லாம போய்ப் படி" என்றாள்.

கடைசித் தேர்வு முடிந்த மாலை ஜனனி கண்ணாடியின் குரலைத் திறந்துவிட்டாள். ஆதிரை அதன் முன்னால் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எலும்பில் புற்றுநோய்க்கான அறிகுறி இருக்கிறது. தீபாவளியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். உடனே மருத்துவரைப் பாருங்கள்" என்றது கண்ணாடி.

ஜனனி குனிந்து மகளின் முழங்காலைத் தொட்டாள்.

"தெரியும்மா. நான் வந்து நின்னா எழுத்துல காட்டும்" என்றாள் ஆதிரை. "பரீட்சை முடியட்டும்னுதான் நானும் பேசாம இருந்தேன்."