முடிப்புக் கட்டணம்

முதல் அடியில் கவுண்ட்டர் கண்ணாடி விரிசல் விட்டது. இரண்டாவது அடியில் பொலபொலவென்று உடைந்து காசாளரின் மடியில் கொட்டியது.

மேலாளர் தன் அறையிலிருந்து ஓடிவந்தபோது, அந்தப் பெண் மூன்றாவது அடிக்குச் சுத்தியலை ஓங்கிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். டைல்ஸ் ஒட்டும் வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள் என்பதை முழங்கை வரை காய்ந்திருந்த சிமெண்ட் சொன்னது. இடது கண் வீங்கிப் பாதி மூடியிருந்தது. உதட்டில் புதுக் காயம்.

தடுக்கப் போன காவலாளியின் தோளில் சுத்தியல் இறங்கியது. அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். வீட்டுக் கடன் கேட்டுக் காத்திருந்த நாலைந்து பேர் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடினார்கள்.

“ஏற்கெனவே எங்கேயோ சண்டை போட்டுட்டுத்தான் சார் வந்திருக்கு. மூஞ்சியப் பாருங்க” என்று முனகினார் காவலாளி.

மேலாளருக்கும் அப்படித்தான் பட்டது. கைகளை விரித்துக் காட்டிச் சமாதானம் பேசியபடியே அவளை நெருங்கினார். அவள் மேசையிலிருந்த கணினித் திரையை ஒரே போடாகப் போட்டாள். தெறித்த சில்லு ஒன்று அவர் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கிச் சட்டைக் காலரில் சொட்டியது.

“என்னம்மா வேணும்?”

“ஏழு வருஷத்துக்கு முன்னாடி நான் தனியா இங்கே வந்து வீட்டுக் கடனை முடிச்சேன். கணக்குக்கு மேல எவ்வளவு புடுங்கினீங்கன்னு இப்பத் தெரியணும்.”

மேலாளருக்குத் தெரியாத கதையல்ல. தவணைக் காலத்துக்கு முன்பே கடனை அடைப்பவர்களிடம் முடிப்புக் கட்டணம் என்று ஒரு தொகை வாங்குவார்கள். அந்த வருடம் மட்டும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததைவிட மூன்று மடங்கு வாங்கிவிட்டார்கள். ரசீதில் அந்தக் கூடுதல் தொகையைக் காட்டவே இல்லை.

அப்படி ஏமாந்த இருநூறு பேரின் பட்டியல் அவருடைய மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது. விடாமல் கேட்பவர்களுக்கு மட்டும் திருப்பிக் கொடு, மற்றவர்களிடம் மூச்சு விடாதே என்பது மேலிடத்து உத்தரவு.

அவளுக்கும் போன மாதம்தான் விஷயம் தெரிந்ததாம். டைல்ஸ் ஒட்டப் போன வீட்டின் சொந்தக்காரர், இதே நிறுவனத்திடம் போராடிக் கூடுதல் கட்டணத்தைத் திரும்ப வாங்கியதாகப் பேச்சுவாக்கில் சொன்னாராம். அதன் பிறகு மூன்று கடிதம் போட்டாளாம், ஒன்றுக்கும் பதில் இல்லையாம். மூன்றையும் கிழித்துப் போட்டது தான்தான் என்பதை மேலாளர் சொல்லவில்லை.

அதற்குள் காவலாளி எழுந்து பின்னாலிருந்து அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தார். அவள் மல்லாந்து விழுந்தாள். விழுந்த வேகத்தில், யாரும் சொல்லிக் கொடுக்காமலே, முழங்கால்களை வயிற்றோடு மடக்கி இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள். காவலாளி விலாவில் இரண்டு உதை விட்டார். அவள் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

மூன்றாவது உதைக்குக் கால் ஓங்கியபோது சுத்தியல் மறுபடி அவள் கைக்கு வந்திருந்தது. முழங்கால் சில்லில் விழுந்த அடியில் காவலாளி அலறிக்கொண்டு உருண்டார்.

காசாளர் போலீஸுக்குப் போன் எடுத்தார். மேலாளர் வேண்டாமென்று கண்ணைக் காட்டினார். போலீஸ் வந்தால் விசாரணை வரும், விசாரணை வந்தால் இழுப்பறை திறக்கும். பெற்றெடுத்த பிள்ளையைப் போல இத்தனை நாள் காப்பாற்றிய உத்தியோகம் போய்விடும்.

“பார்க்கிறேம்மா. பழைய கணக்குதானே, பார்த்துச் சொல்றேன்” என்று அறைக்குள் போய் இழுப்பறையைத் திறந்து, பட்டியலோடு வந்து புரட்டினார்.

“பதினெட்டாயிரத்து நானூறு” என்றாள் அவள்.

மேலாளரின் விரல் அந்த வரியில்தான் நின்றது. ஒரு ரூபாய்கூட மாறவில்லை. ஏழு வருடம் கழித்தும் மனப்பாடமாக ஒப்பிக்கிறாளே, காசு மேல் இப்படியும் ஒரு வெறியா என்று நினைத்துக்கொண்டார்.

கைக்குட்டையைப் புருவத்தில் அழுத்தியபடி பெட்டகத்தைத் திறந்தார். வட்டியையும் சேர்த்து எண்ணி, சில்லுகளை ஒதுக்கிவிட்டு, நோட்டுகளை அவள் முன்னால் வைத்தார். மேல் நோட்டில் அவருடைய ரத்தம் ஒரு சொட்டு விழுந்து பரவியது.

“எல்லாம் சரியா இருக்கு. நீ உடைச்சதுக்குக்கூட நான் ஒண்ணும் கேட்கலை. எடுத்துக்கிட்டுப் போயிடும்மா.”

அவள் நோட்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுத்தியலை மேசைமேல் வைத்தாள். அச்சு இயந்திரத்திலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி, அவர் பக்கமாக நகர்த்தினாள்.

“காசு வேண்டாம் சார். அன்னிக்குக் கணக்குல குறைஞ்ச அந்தப் பதினெட்டாயிரத்து நானூறை நான் திருடலைன்னு எழுதிக் குடுங்க, என் வீட்டுக்காரர்கிட்ட காட்டணும்.”