நான்கு பித்தளை ஸ்க்ரூ

“கையை எடு டாரில். நான் பாத்துக்கறேன்.”

டாரில் கையை எடுத்தான்.

“மூடறதுக்கு முன்னாடி கம்பி ரெண்டும் சரியா இருக்கான்னு ஒரு தடவை…”

“இதுல வேற யார் கையும் படக் கூடாது. முதல் நாளே சொல்லிட்டேன்.”

லயனல், மெல்லிய உச்ச ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கரைப் பெட்டியின் மேல் துளையில் பொருத்தினார். பெரியது கீழே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. நான்கு பித்தளை ஸ்க்ரூ. முடுக்கிய பிறகு ஒவ்வொன்றையும் ஒரு நூல் திருப்பி, தலையிலிருக்கும் கோடு நட்டுக்குத்தலாக நிற்கும்படி வைத்தார். ஆயுசு முழுக்கக் கதவும் ஜன்னலும் செய்தவர். ஒரு கோடு சாய்ந்திருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

“ஸ்க்ரூவுக்குத் தலை வாரிவிடற ஆளை இங்கதான் பாக்கறேன்,” என்றார் டீ குடித்துக்கொண்டிருந்த மெர்வ்.

மறுநாள் அவர் மனைவி நொரீனுக்கு அடக்கம். சவப்பெட்டிக்கு மகள் கெர்ரி டெவன்போர்ட்டில் ஒரு கடையில் சொல்லிவிட்டாள். இந்தப் பெட்டியாவது தன் கையால் ஆக வேண்டும் என்றிருந்தார் லயனல். நொரீன் தேவாலயத்தில் தனியாகப் பாடிய பாட்டு ஒன்று டேப்பில் இருந்தது. சடங்கு நடக்கும் மண்டபத்துக் கரகர ஸ்பீக்கரில் அவள் குரல் வரக் கூடாது.

பட்டறையிலிருந்த பெருசுகள் எல்லாம் டீ மக்கைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்கள். லயனல் டேப்பைப் போட்டார்.

“அடேயப்பா,” என்றார் மெர்வ். “எதிர்ல நின்னு பாடற மாதிரி இல்ல இருக்கு!”

டாரில் தலையைச் சாய்த்துக் கேட்டான். ஓய்வுபெற்றவர்கள் கூடி வேலை செய்யும் அந்தப் பட்டறையைப் பார்த்துக்கொள்ள ஊர்க் கவுன்சில் வைத்த ஆள். அங்கே எழுபதைத் தாண்டாதவன் அவன் ஒருவன்தான். பெட்டிக்கு அருகே போய்ச் சின்ன ஸ்பீக்கரை உள்ளங்கையால் மூடினான். எடுத்தான். மறுபடி மூடினான்.

“வித்தியாசம் தெரியுதா, லயனல்?”

“தெரியாம? கையை வச்சா அடைக்குதே.”

“ஆமாமா, நல்லாத் தெரியுது,” என்றார் மெர்வ்.

டாரில் தன் உள்ளங்கையைப் பார்த்தான். டேப்பை நிறுத்தினான்.

“பெட்டி இன்னிக்கு இங்கயே இருக்கட்டும். பசை காயல.”

“நான் திங்கக்கிழமை போட்ட பசைய்யா!”

“காயாத சாமான் வெளிய போகக் கூடாது. அதான் ரூல். காலையில நானே கொண்டாந்து மண்டபத்துல வைக்கறேன்.”

“பொண்டாட்டிய பறிகொடுத்தவன்கிட்ட ரூல் பேசறான் பாரு,” என்றார் மெர்வ். “பொறாமைடா உனக்கு. நீ செஞ்சு மரத்துல மாட்டின கூட்டுல ஒரு குருவியாவது தங்கினது உண்டா?”

டாரில் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கதவருகே போய் நின்றான்.

லயனல் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“நாளையோட சரி. இந்தப் பட்டறைப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன்.”

காலையில் மண்டபத்தில், சவப்பெட்டிக்குப் பக்கத்து மேசையில் பெட்டி இருந்தது. லயனல் பூக்களைப் பார்க்கும் முன் அதைப் பார்த்தார். கீழே, பெரிய ஸ்பீக்கரில் எல்லாக் கோடுகளும் நேராக நின்றன. மேலே, சின்ன ஸ்பீக்கரின் நான்கு ஸ்க்ரூவும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன.

திறந்திருக்கிறான்.

அவருக்குக் காதோரம் சுட்டது. டாரில் டை கட்டிக்கொண்டு, மண்டபத்துக் கடைசியில் டீக் கப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தான். லயனலின் கை கோட்டுப் பைக்குள் போய் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தது. அதற்குள் பாதிரியார் தலையசைத்தார். கெர்ரி பட்டனை அமுக்கிவிட்டு அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

நொரீன் பாடினாள். நேற்றுக் கேட்ட மாதிரியேதான் இருந்தது. எதையும் கெடுத்து வைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

கெர்ரி அவர் கையைப் பிடித்தாள்.

“அப்பா… ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி அம்மா மூச்சு இழுக்கறது கேக்குது. இந்த டேப்பை எத்தனை தடவை கேட்டிருக்கேன். இது கேட்டதே இல்லப்பா.”

மூச்சா? அவருக்கு எந்த மூச்சும் கேட்கவில்லை. எட்டிச் சின்ன ஸ்பீக்கரை உள்ளங்கையால் மூடினார்.

“கையை எடுங்கப்பா. அது போயிடுது.”

எடுத்தார். மறுபடி மூடினார்.

“அப்பா!”

அவர் காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நேற்றும் தெரியவில்லை. தெரிகிறது என்று சொல்லியிருந்தார்.

சின்ன ஸ்பீக்கரின் சிவப்புக் கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைத்தது நினைவிருந்தது. அப்போது மெர்வ் டீக்குக் கூப்பிட்டார். கறுப்புக் கம்பியைப் பற்றவைத்தது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் மண்டபத்துக்குத் திரும்பினார்கள். லாமிங்டன் கேக் தட்டு சுற்றி வந்தது. மெர்வுக்கு இன்னும் ஆறவில்லை.

“என்னப்பா டாரில், பசை காயலன்னியே? ஒரு பலகையாவது பிரிஞ்சு வந்துச்சா?”

“இல்ல மெர்வ். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்.”

“அப்படி ஒத்துக்க. அந்தப் பெட்டி மொத்தமும் ஒரே ஆள் கைவேலை. தெரிஞ்சுதா?”

“தெரியும்,” என்றான் டாரில்.

லயனல் பெட்டிக்கு முன்னால் ஸ்க்ரூடிரைவருடன் நின்றுகொண்டிருந்தார். சாய்ந்த நான்கு கோடுகளையும் விரலால் தடவிப் பார்த்தார். ஸ்க்ரூடிரைவரைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, டாரிலிடம் டீ வாங்கப் போனார்.