கிருஷிகா வாசித்த பக்கம்

“ஈரக் கையால தொடாதை!”

யாகப்பர் போட்ட சத்தத்தில், மீன் வெட்டிக்கொண்டிருந்த மனைவி பிரான்சிஸ்கா கையை இழுத்துக்கொண்டாள். புதுச் சாரத்தில் சுற்றி, அதற்கு மேல் பொலித்தீன் பையும் போட்டு அவர் கட்டிக்கொண்டிருந்தது ஒரு புத்தகத்தை.

மகள் கிருஷிகா எழுதிய இங்கிலீஸ் புத்தகம். வெள்ளைக்காரர் கால முத்துக்குளிப்பு அந்த வெள்ளைக்காரருடைய கதைகளிலும் பாட்டுகளிலும் எப்படி வந்தது, அந்தக் காலத்தில் இந்தக் கரை எப்படி இருந்தது என்ற ஆராய்ச்சி. கொழும்பில், பல்கலைக்கழகத்தில் அவளுடைய வேலை நிரந்தரமானதே அதனால்தான்.

கொண்டச்சிக்குப் பக்கத்தில் இவர்கள் வள்ளம் ஏற்றும் கரையை இப்போது ஒரு ஹோட்டல் கேட்கிறது. தலைமுறையாக இங்கே இருந்ததற்கு எழுத்தில் ஏதாவது காட்டினால் கரை மிஞ்சும். காணி உறுதிப் பத்திரங்களெல்லாம், சண்டைக்குப் பயந்து இந்தியாவுக்கு ஓடியபோது கடலோடு போய்விட்டன.

“எழுத்துத்தானே வேணும்? என்ர பிள்ளை எழுதி வைச்சிருக்கிறாள்,” என்றார் யாகப்பர்.

அவர் வள்ளத்தில் இருந்தபடி சொன்ன கதைகளைத்தான் அவள் போனில் பதிந்து கொண்டு போனாள். நத்தார்ப் பண்டிகைக்கு வந்தபோது புத்தகத்தை விரித்துத் தமிழில் வாசித்தும் காட்டினாள். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டிய பூட்டன், கோயிலடிக் கிணறு, ஓலைக் குடில்கள். பிரான்சிஸ்கா அழுதே விட்டாள்.

வெகுநேரம் வாசித்தும் கிருஷிகா ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. “இங்கிலீஸில ஒரு பக்கத்துக்குள்ள எவ்வளவு அடங்குது பாத்தியே!” என்று யாகப்பர் பூரித்துப்போனார்.

விசாரணை நடக்கும் அரசாங்கக் கந்தோர் வாசலில், அதே கரையில் வள்ளம் வைத்திருக்கும் றெனால்ட் சிரித்தான். “என்ன அண்ணை, நற்கருணை கொண்டு போற மாதிரிப் பிடிச்சிருக்கிறியள்?”

“சிரியடா. கரை மிஞ்சினால் உன்ர வள்ளமும் அங்கைதான் நிக்கும்.”

உள்ளே, விசாரணை அதிகாரியின் மேசையில் யாகப்பர் சாரத்தை அவிழ்த்தார். அதைப் பார்த்த ஹோட்டல்காரரின் சட்டத்தரணி தன் பையைத் திறந்து அதே புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஒரு பக்கத்தில் மஞ்சள் துண்டு ஒட்டியிருந்தது.

யாகப்பர் றெனால்டை முழங்கையால் இடித்தார். “பாத்தியே, அவையளும் வாங்கி வைச்சிருக்கினம்!”

அதிகாரி மஞ்சள் துண்டு ஒட்டிய பக்கத்தை வாசித்தார். பிறகு யாகப்பருடைய புத்தகத்தை எடுத்து அதே பக்கத்தைப் பார்த்தார்.

“ஐயா, இதை நீங்கள் வாசிச்சனீங்களோ?”

“எனக்கெங்கை சேர் இங்கிலீஸ்? மகள் எனக்குப் பக்கத்தில இருந்து தமிழில வாசிச்சுக் காட்டினவள். எங்கட ஊர், எங்கட கிணறு, பூட்டன்ர பேர், எல்லாம் இருக்கு. நல்லாப் பாருங்கோ.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். புத்தகத்தை மூடி, சாரத்தின் மேலேயே திருப்பி வைத்தார்.

“ஐயா, இந்தக் கரையில ஒருநாளும் ஊரே இருக்கேல்லை எண்டுதான் உங்கட மகள் எழுதியிருக்கிறா.”